அக்காவின் கொப்பியும் என் பெயரும்

கொரோனா வருவதற்கு முந்திய வருடம், மாரி தொடங்குகிற நேரம். கிளிநொச்சி நகரில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட தனியார் கல்வி நிலையம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்கு வகுப்பு நடக்கும். தமிழ் இலக்கியத்தில் டிப்ளோமா. இருபது இருபத்திரண்டு பேர் படித்தோம். பெரும்பாலும் என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள். நான் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். அடுத்த தரத்துக்கு உயர இந்தச் சான்றிதழ் உதவும் என்று சொன்னார்கள். அதற்காகத்தான் சேர்ந்தேன். இலக்கியத்தின் மீது ஆசை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

உங்கள் பத்திரிகைக்கு மற்றவர்கள் எழுதி அனுப்புகிற மறக்க முடியாத அனுபவங்களில் யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதர் வந்து உதவி செய்திருப்பார். எனக்கும் ஒருவர் உதவி செய்தார். அவருக்கு நான் செய்தது என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்த வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவர் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது கூட, நாற்பதைத் தாண்டியவர். ஸ்கந்தபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அங்கே முன்பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இனக்கலவரத்தில் லயத்து வரிசை வீடு எரிந்தபிறகு உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா பிறந்ததே வன்னியில்தான். வகுப்பில் எங்களைப் போலவே பேசுவார். ஆனால் தாய் தொலைபேசியில் எடுத்தால் மட்டும் "சொல்லுங்கம்மா, சாப்பிட்டீங்களா" என்று அவர் பேச்சு மாறும். பேசி முடித்ததும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படுவார்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ் காணி கிடைத்த குடும்பம். எங்கள் வயலில் களை பிடுங்க வருகிறவர்களும் அக்காவின் ஊர்ப் பக்கத்துச் சனங்கள்தான். ஒருநாள் அக்கா தந்த ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பற்றி வீட்டில் சொன்னேன். "ஆர் அந்த மனிசி?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். "ஓ, தோட்டத்தால வந்த சனமே" என்றார். அவ்வளவுதான். நானும் அதன்பிறகு அக்காவைப் பற்றி வீட்டில் பேசவில்லை. ரொட்டியை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு அந்தச் சான்றிதழ் என்னைவிட அவசியம். அவர்கள் பக்கத்து நூலகத்துக்கு ஒரு உதவியாளர் எடுக்கப் போகிறார்கள் என்று கதை இருந்தது. புத்தகத்துக்குள் இருந்து செய்கிற வேலை. அக்காவுக்கு அதைவிட வேறு கனவு கிடையாது. ஆனால் வயது எல்லைக்கு இரண்டு மூன்று வருடங்கள்தான் மிச்சம். "இதை விட்டால் பிறகு நான் விண்ணப்பப் படிவம் நிரப்பவும் ஏலாது ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். என்னைவிட மூத்தவராக இருந்தும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு உரைநடை பாடம். பழைய இயற்கைக் கட்டுரைகளை எடுத்து அவற்றில் என்னென்ன அணிகள் இருக்கின்றன, என்ன பொருள் தருகின்றன என்று ஆராய வேண்டும். எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் வெளியூரிலிருந்து வருவார். நல்ல படிப்பாளி. குரலும் நல்ல குரல். ஒரு வசனத்தை அவர் வாசித்தால் நாங்கள் வாயைத் திறந்துகொண்டு இருப்போம்.

அன்றைக்கு எடுத்த கட்டுரை மலைநாட்டில் ஒரு விடியற்காலையைப் பற்றியது. எழுதியவர் விடுமுறைக்குப் போய், ஒரு பங்களாவின் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பார்த்ததை எழுதியிருந்தார். அழகான தமிழ். அதில் குறை சொல்ல முடியாது. பனியைச் சேலை என்றிருந்தார். தேயிலைச் சரிவைக் கம்பளம் என்றிருந்தார். மலையை விட்டுப் பிரிய மனமில்லாமல்தான் வெயில் தயங்கித் தயங்கி இறங்குகிறது என்று ஒரு இடம். இயற்கையில் தானாக நடப்பதற்கு எழுதுகிறவர் தன் மனதில் உள்ள காரணத்தை ஏற்றிச் சொல்வதுதான் தற்குறிப்பேற்றம் என்று சேர் விளக்கினார். கொழுந்து பறிக்கிற பெண்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வசனத்தில் வருவார்கள், பல நிறப் பூக்கள் காற்றில் அசைவது போல. "உவமையின் உச்சம் இதுதான்" என்றார் சேர். நாங்கள் எல்லோரும் குனிந்து எழுதினோம்.

அக்கா எழுதவில்லை. கையை உயர்த்தினார். வகுப்பில் அவர் வாய் திறப்பதே அருமை.

"சேர், இதில எல்லாத்துக்கும் ஒரு வேலை இருக்கு. வெயில் இறங்குது, பனி விலகுது, அருவி பாடுது. கொழுந்து மட்டும் பறிக்கப்படுது எண்டு இருக்கு. பறிக்கிறது ஆர் சேர்?"

சேர் ஒரு கணம் புத்தகத்தைப் பார்த்தார். "அது செயப்பாட்டு வினை. இலக்கணத்தில வாற விசயம். நாங்கள் இப்ப அணி பார்க்கிறம்" என்றார்.

பின் வாங்கிலிருந்து ஒருவர், "அதைத் தோட்டத்துக் கங்காணியைத்தான் கேக்க வேணும்" என்றார். வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்துகொண்டு, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அக்கா கையை இறக்கிவிட்டுக் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு மனம் கேட்கவில்லை. "அக்கா, அதை விடுங்கோ. என்ன யோசிச்சுக் கேட்டனீங்கள்?" என்று கேட்டேன். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டேன். அவர் கொப்பியைத் திறந்து காட்டினார்.

அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. சேர் முந்திய கிழமையே கட்டுரையை வாசித்துவரச் சொல்லியிருந்தார். நாங்கள் ஒருதரம் வாசித்தோம், அல்லது வாசிக்கவில்லை. அக்கா கட்டுரையின் ஒவ்வொரு வசனத்தையும் பிரித்து, நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் 'யார்', மறுபக்கம் 'என்ன செய்கிறார்' என்று எழுதியிருந்தார். வெயில், பனி, அருவி, மேகம், ஒரு குருவி, பங்களாவின் புகைபோக்கி. எல்லாவற்றுக்கும் நேரே ஒரு செயல் இருந்தது. 'கொழுந்து பறிக்கப்படுகிறது' என்ற வசனத்துக்கு நேரே, 'யார்' என்ற பக்கம் வெறுமையாக இருந்தது. கடைசியில் 'பெண்கள்' என்று எழுதி, நேரே 'அசைகிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

"பாருங்கோ ரீச்சர். அவையளைப் பூ எண்டு சொன்னதால பூ செய்யிற வேலையைத்தான் அவைக்குக் குடுக்க முடிஞ்சுது. பூவுக்குக் கை இல்லை. உவமை வடிவாத்தான் இருக்கு. ஆனா அது கையை எடுத்துப் போட்டுது."

பதினொரு வருடம் தமிழ் படிப்பித்திருக்கிறேன். உவமை என்றால் 'போல' வருகிற இடத்தில் கீழ்க்கோடு போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு உவமை எதையாவது பறிக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அக்கா சொன்னார். கட்டுரை கிடைத்த அன்று பின்னேரம், மலைநாட்டைப் பற்றியது என்பதால் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். பத்து வயதிலேயே கூடை தூக்கியவர். குசினியில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாராம். பனியும் வெயிலும் வரும்போது, ஓம், அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினாராம். அக்கா மூன்றாம் பக்கத்தைப் புரட்டும்போது தாய் கேட்டாராம்: "எல்லாம் நல்லாருக்கு. நாங்க எப்ப வர்றோம்?"

"அதுக்குப் பிறகு எனக்கு மிச்சத்தை வாசிக்க ஏலாமப் போச்சு. பூ எண்டு அவாவுக்கு எப்படி வாசிச்சுக் காட்டுறது?" என்றார் அக்கா.

அன்றைக்குத்தான் சேர் அந்தக் கட்டுரையைப் பற்றியே ஒப்படை எழுதச் சொன்னார். ஒப்படை என்றால் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிற கட்டுரை. அதற்குப் புள்ளி உண்டு. அதில் தேறாதவர்கள் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. இரண்டு கிழமை தவணை.

அந்த இரண்டு கிழமையும் எனக்குப் பாடசாலையில் தவணைப் பரீட்சை. திருத்துகிற விடைத்தாள் கட்டுக் கட்டாக இருந்தது. இப்படிச் சொல்வதெல்லாம் சாட்டு என்று இப்போது தெரியும். நேரம் இருந்தாலும் எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. அக்கா சொன்னதைக் கேட்டபிறகு, நான் எழுதக்கூடிய எதுவும் எனக்கே சப்பென்று இருந்தது. அடுத்த ஞாயிறு, "ஒருக்காப் பார்த்திட்டுத் தாறன் அக்கா" என்று கொப்பியைக் கேட்டேன். யோசிக்காமல் தந்தார். புதன்கிழமை தாயைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வருவார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் கொப்பியைக் கொடுத்து வைப்பதாக நான் சொன்னேன். ஒப்படையை அவர் அந்தக் கொப்பியில்தான் எழுதி வைத்திருந்தார், சுத்தப் பிரதி இன்னும் எழுதவில்லை.

புதன்கிழமை நான் கொடுத்து வைக்கவில்லை.

அந்தக் கிழமை பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை ஒன்று வந்தது. பகல் முழுவதும் மழை. மேசையில் அக்காவின் கொப்பியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். முதலில் அவருடைய கருத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, மிச்சத்தை நானாக எழுதுவோம் என்று நினைத்தேன். அந்த ஒன்றை எடுத்தால் அடுத்தது தேவைப்பட்டது. அது வந்தால் அதற்கடுத்தது. பின்னேரம் பார்த்தால் முழுவதும் வந்திருந்தது. நான் சேர்த்தது இலக்கணச் சொற்களும் ஒரு அலங்காரமான முடிவும்தான். தாயின் கேள்வியையும் விடவில்லை. அதுதான் கட்டுரையின் உயிர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு இதை வாசித்துக் காட்டினால் அவள் என்ன கேட்பாள் என்று நானாகக் கற்பனை செய்ததுபோல எழுதி, "நாங்கள் எப்ப வாறம்?" என்று அந்தப் பேச்சையும் எங்கள் பேச்சாக மாற்றினேன்.

ஞாயிறு காலை கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அக்காவின் முகம் வாடியிருந்தது. கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். "மழை அக்கா, வரேலாமல் போச்சு" என்றேன். "பரவாயில்லை ரீச்சர்" என்றார். அன்று எல்லோரும் ஒப்படை கொடுத்தோம். அக்காவிடம் மட்டும் இல்லை. சேர் ஏன் என்று கேட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "அம்மாவுக்கு ஏலாமல் இருந்தது சேர், ஒரு கிழமை தாங்கோ" என்றார். சேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார். நான் என் ஒப்படையை மற்றவர்களுடையதற்கு நடுவில் செருகி வைத்துவிட்டு வந்து இருந்தேன். அடுத்த ஞாயிறு அக்கா தன்னுடையதைக் கொடுத்தார்.

அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்குப் பயம் இருந்தது. ஆனால் சேர் இத்தனை பேருடையதையும் ஒழுங்காக வாசிக்கவா போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

சேர் ஒழுங்காக வாசித்திருந்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு, வகுப்புத் தொடங்கியதும், இந்த முறை வந்ததில் ஆகச் சிறந்த ஒப்படை என்று சொல்லி ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். என்னுடையது. அந்த நல்ல குரலில். முதல் வசனத்திலேயே அக்கா நிமிர்ந்தார். இரண்டாம் பக்கத்தில் பூவுக்குக் கை இல்லை என்று வந்தது. வகுப்பு அப்படியே அடங்கிப் போயிருந்தது. கங்காணி என்று பகிடி விட்டவரும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாயின் கேள்வி வந்தபோது அக்கா என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சேர் என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு இன்னொரு தாளை எடுத்து அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இது ரீச்சர் எழுதினது. இது ஒரு கிழமை பிந்தி வந்த உங்கடை. ரெண்டும் ஒண்டு. என்ன இது?"

"அது என்ட அம்மா கேட்ட கேள்வி சேர்" என்றார் அக்கா.

"உங்கட அம்மா எப்படி ரீச்சரின்ட ஒப்படைக்குள்ள வந்தவா?"

சிலர் சிரித்தார்கள். அக்கா கொப்பியை எடுத்து நீட்டினார். சேர் இரண்டு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு, இதை எப்பவும் எழுதலாம்தானே என்று திருப்பிக் கொடுத்தார். கொப்பி ஒரு கிழமை என்னிடம் இருந்தது, அதனால்தான் பிந்தியது என்று அக்கா சொன்னார். சேருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்டைக்கு அம்மாவுக்கு ஏலாது எண்டு சொன்னீங்கள். இண்டைக்குக் கொப்பி ரீச்சரிட்டை எண்டு சொல்றீங்கள். எது உண்மை?"

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவர் கழுத்தில் விழுந்திருந்தது. சேர் என்னைப் பார்த்தார். இப்போதும் சேரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் கேட்டார். மரியாதையாக, நேராகக் கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. இவவின்ட கொப்பி உங்களிட்டை இருந்ததோ?"

எழுந்து நின்றேன். ஓம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? என் கண் முன்னால் என் பாடசாலையும், அதிபரும், என்னிடம் படிக்கிற பிள்ளைகளும், களவெடுத்த ரீச்சர் என்று ஊரில் வரப் போகிற கதையும் வந்தன. அக்காவின் நூலகம் வரவில்லை.

"ரெண்டு பேரும் பக்கத்தில இருக்கிறனாங்கள் சேர். நான் எழுதினதை அவா பார்த்திருப்பா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயில் வகுப்புப் பேச்சு வரவில்லை. வீட்டுப் பேச்சு வந்தது. "என் கொப்பிய நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க ரீச்சர்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டுப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பற்றி ஒரு நாளும் தோட்டத்தைக் காணாத நான் எழுதினேன் என்பதை அந்த வகுப்பு நம்பியது. அந்தத் தாயின் மகள் எழுதினார் என்பதை நம்பவில்லை. பறிக்கிறது ஆர் என்று அன்றைக்குக் கையை உயர்த்திக் கேட்டவர் அவர்தான் என்பதைக்கூட யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நம்பித்தான் நான் அந்தப் பொய்யையே சொன்னேன்.

அவருக்குப் பூச்சியம் போட்டார்கள். அந்த வருடப் பரீட்சைக்கு அனுமதி இல்லை. அக்கா சாப்பாட்டுப் பெட்டியையும் கொப்பியையும் பைக்குள் வைத்துக்கொண்டு, நடந்து போனார். மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. மழைக்குள் எங்கே போய் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பிறகு வகுப்புக்கு வரவேயில்லை.

நான் பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளியில் தேறினேன். என் ஒப்படையைக் கல்வி நிலையத்தின் ஆண்டு மலரிலும் போட்டார்கள், என் படத்தோடு. அம்மா அதை அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். எனக்குத் தர உயர்வு கிடைத்தது. நூலக வேலைக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊரடங்குக் காலம் முடிந்து பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியபின், ஒரு சனிக்கிழமை ஸ்கந்தபுரத்துக்குப் போனேன். ஏன் அன்றைக்குப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. துணிவு வந்தது என்று எழுத ஆசைதான், அப்படியும் இல்லை. சுமந்துகொண்டு திரிய ஏலவில்லை, இறக்கி வைக்க ஒரு இடம் தேடினேன். முன்பள்ளி அக்கா என்று விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். வேலியோரம் பயிற்றங்காய் ஆய்ந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் வரவில்லை. "வாங்க" என்றார். கதிரை எடுத்துப் போட்டார். பிளேன்ரீ ஊற்றித் தந்தார். வகுப்பில் பேசிய பேச்சை அவர் என்னோடு பேசவில்லை. முழுக்கத் தாயின் பேச்சுத்தான்.

வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். நான் செய்தது களவு, அதற்குமேல் சொன்னது பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அழுதேன். அக்கா நான் அழுது முடியும்வரை காத்திருந்தார்.

"மலர் பாத்தேன்" என்றார். "இங்க ஒரு புள்ள கொண்டுவந்து குடுத்துச்சு. நல்லா எழுதியிருந்தீங்க. நான் அவ்வளவு அழகா எழுதியிருக்க மாட்டேன். ஒரு எடத்துலதான் பிழை. எங்கம்மா 'எப்ப வாறம்'னு பேச மாட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கல்வி நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறேன், சேரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் திரும்பப் படித்துப் பரீட்சை எழுதலாம் என்றேன்.

"இப்ப எழுதி என்னாங்க செய்ய? வயசு போயிருச்சு."

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஊரடங்கு நேரம் தாய் இறந்துபோயிருந்தார்.

"கடைசி மட்டும் அவங்க கேட்டது ஒண்ணுதான், பரீட்சை எழுதிட்டியான்னு. நான் அவங்களுக்கு எதையும் மறைச்சதில்லை. ஆனா இத எப்படிச் சொல்றது? அவங்க கேட்ட கேள்வியாலதான் எனக்குப் பூச்சியம்னு சொல்லவா? எழுதிட்டேம்மா, பாஸ் பண்ணிட்டேன்னு சொன்னேன். அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டாங்க. அந்தச் சந்தோசத்தோடயே போயிட்டாங்க." பிறகு, "எங்கம்மாகிட்ட நான் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் ஒங்களால" என்றார்.

அவர் குரல் உயரவே இல்லை. வீதியில் போகிற வருகிற சனத்துக்கு நாங்கள் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்திருக்கும். நான் மீண்டும் மன்னிப்பு என்று தொடங்கினேன். அக்கா என் கையிலிருந்த வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"கேக்க வந்தீங்க, கேட்டுட்டீங்க. பஸ் வர்ற நேரமாச்சு" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படலை வரைக்கும் வரவில்லை. நான் வீதிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது பழையபடி வேலியோரம் காய் ஆய்ந்துகொண்டு நின்றார்.

சொன்னபடி கடிதம் எழுதினேன். நிலையத்தை அப்போது வேறு ஆட்கள் நடத்தினார்கள். சேர் வெளிநாடு போய்விட்டார். நேரிலும் போய்ச் சொன்னேன். பொறுப்பாக இருந்தவர் என்னை இருத்தி, கதவைச் சாத்திவிட்டு, "நடந்தது நடந்து போச்சு ரீச்சர். இதை இப்ப கிளறினால் உங்களுக்கும் பெயர் கெடும், எங்களுக்கும் பெயர் கெடும்" என்றார். மலரில் ஒரு திருத்தமாவது போடுங்கோ என்றேன். மலரே இனி வெளிவராது என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று ஊரில் நின்று கத்தியிருக்கலாம். என் அதிபரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு எழுதுகிற இதையும் என் பெயரைப் போடாமல்தான் அனுப்புகிறேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மலரை அலுமாரியிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுகளுக்கு என்ன நூலகமும் வேலையும், நீ ஏன் மனசை உளைக்கிறாய்" என்றார். எனக்கு அம்மாவோடு கோபிக்கவும் தகுதி இருக்கவில்லை. அம்மா வாயால் சொன்னதை நான் அந்த வகுப்பில் எழுந்து நின்று செய்து காட்டியிருந்தேன்.

இப்போது உயர்தர வகுப்புக்கு இயற்கைக் கட்டுரைகளை நான்தான் படிப்பிக்கிறேன். அணியைக் கண்டுபிடித்ததும் நிறுத்தாதீர்கள், அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, யாருக்கு வேலை கொடுத்திருக்கிறது, யாரிடமிருந்து எடுத்திருக்கிறது என்று பாருங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்கிறார்கள். இதை எனக்கு ஒரு அக்கா சொல்லித் தந்தவர் என்று ஒவ்வொரு வருடமும் தொடங்குகிறேன். அந்த அக்காவுக்கு என்ன நடந்தது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடுவதற்குள் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறேன்.

போன தவணை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இப்படிப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார், நான் எழுந்து நின்று நன்றி என்றேன், அப்படி எழுந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் நான் அந்தக் களவைப் புதிதாகச் செய்கிறேன் என்று தெரிந்திருந்தும் எனக்கு இன்னும் வேறு சொல் வாயில் வருவதில்லை.